தூக்குவாளிக்காரர் எப்போது வருவார்

போனை அணைக்கப்போன நிமிடத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. திரையின் மேல் விளிம்பில் முத்துநகர் என்ற பெயர், பக்கத்தில் "வந்துட்டார்" என்று ஒரே ஒரு சொல், அதற்குப் பிறகு மூன்று புள்ளி. திறந்து பார்க்கலாம் என்றால் எதிரே தேர்வு அலுவலக உதவியாளர் பழுப்பு உறையை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார், எனக்குப் பின்னால் வரிசையில் இன்னும் நாலு பேர், மணி ஒன்பது ஐம்பது. அணைத்து உறையில் போட்டு, மேலே செண்பகவல்லி, புள்ளியியல் துறை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ஒரு மணிக்குத் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டை ஒப்படைத்த பிறகுதான் அது கைக்கு வரும். இருபத்தேழு விடைத்தாள், அடிஷனல் ஷீட் ஒரு கட்டு, வெள்ளை நூல் கண்டு எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறுகிறேன், ஒவ்வொரு படிக்கும் வந்துட்டார், வந்துட்டார் என்று உள்ளே ஓடுகிறது. நாற்பது நாளாக ஒரு வார்த்தை இல்லாமல் இருந்த ஆள். என்னால் வாயை மூடிக்கொண்ட ஆள். அந்த ஆளுக்குத்தானா வர வேண்டும் தூக்குவாளிக்காரர், அதுவும் இன்றைக்கு, நான் போனைக் கொடுக்கிற நேரம் பார்த்து. தற்செயல்தான். வேறென்ன. மூன்று மணி நேரம் போன் இல்லாமல் இருக்கிற நாளில் செய்தி வந்தால் அது மனதில் நிற்கும், மற்ற நாளில் வந்தால் நிற்காது, அவ்வளவுதான் கணக்கு. இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனாலும் பதினான்காம் எண் அறையின் கதவைத் தள்ளும்போதும் அதே சொல் ஓடிக்கொண்டிருந்தது.

யாராவது கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும், நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு விளையாட்டா என்று. ஒரு தீவு, அதில் நமக்கு ஒரு வீடு, நாலு தென்னை, ஒரு படகுத்துறை. தினமும் காலையில் ஒரு படகு வரும், அதிலிருந்து ஒரு விருந்தாளி இறங்குவார். மீன் கேட்பார், பூ கேட்பார், கொடுத்தால் ஏதாவது ஒரு சின்னப் பொருளைத் தந்துவிட்டு மறுநாள் போய்விடுவார். மொத்தம் நாற்பது பேர். முப்பத்தொன்பது பேர் எல்லோருக்கும் முன்னே பின்னே வந்துவிடுவார்கள். நாற்பதாவது ஆளின் இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல், குள்ளமாக, தொப்பி போட்டு, கையில் எதையோ தொங்கவிட்டுக்கொண்டு. அது லாந்தர் விளக்கு என்று பிறகு தெரிந்தது, ஆனால் அதற்குள் இதை ஆடுகிறவர்களின் வாட்ஸாப் குழுவில் தூக்குவாளி என்று பெயர் விழுந்துவிட்டது, விழுந்த பெயர் விழுந்ததுதான். எப்போது வருவார், யாருக்கு வருவார் என்று விளையாட்டில் எங்குமே சொல்லவில்லை. வரவேண்டிய நேரத்தில் வருவார் என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முப்பத்தோரு பேர் பத்து மாதமாகச் சண்டை போடுகிறோம். மழை பெய்கிற நாளில் சிவப்புச் சட்டை போட்டுத் துறையில் நின்றால் வருவார் என்று ஒருவர். மூன்று விலாங்கு மீன் பிடித்துத் தொட்டியில் விட்டிருக்க வேண்டும் என்று இன்னொருவர். தென்னையை வெட்டினவனுக்கு வரவே மாட்டார் என்று திண்டுக்கல்காரர் சத்தியமே செய்தார். இவர்தான், என் வீட்டுக்காரர்தான், முதலில் இதைப் போனில் ஏற்றினது. தீயணைப்பு வண்டி ஓட்டுகிற மனுஷனுக்கு அழைப்பு வராத நேரத்தில் பொழுது போக வேண்டுமே. பத்தே நாளில் அவருக்குச் சலித்துவிட்டது, அவர் தீவில் இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது, நான்தான் ஒட்டிக்கொண்டேன். குழுவில் என் பெயர் சராசரி. எல்லோருக்கும் சராசரி சார். சார் இல்லை என்று திருத்த ஒரு நாள் நினைத்தேன், அப்புறம் அது ஒரு பழைய சட்டை மாதிரி வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

பத்து மணி. வினாத்தாள் கொடுத்தாயிற்று, கம்பெனிச் சட்டம். ஹால் டிக்கெட்டில் முகத்தைப் பார், முகத்தில் ஹால் டிக்கெட்டைப் பார், கையெழுத்துப் போடு. ஒரு பிள்ளையின் படத்தில் இரட்டைச் சடை, எதிரில் ஒற்றைச் சடை. மல்லிகையும் தேங்காய் எண்ணெயும் புது மையும் கலந்த வாசனை, நடு விசிறியில் மட்டும் நாலு சுற்றுக்கு ஒரு தடவை கிரீச். எனக்கு ஹால் டூட்டி பிடிக்கும் என்று சொன்னால் துறையில் யாரும் நம்புவதில்லை. பேச வேண்டாம், படிக்கக் கூடாது, உட்காரவும் கூடாது, இருபத்தேழு தலை குனிந்து எழுதுகிற சத்தத்துக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கலாம். ஜன்னல் பக்கம் பத்தொன்பதாம் எண் பிள்ளை எழுதவில்லை, விசிறியைப் பார்க்கிறாள். பார்க்கட்டும். முதல் அரை மணி சிலருக்கு அப்படித்தான். இங்கேயிருந்து பார்த்தால் பைபாஸில் லாரி போவது தெரியும், அதற்கு அந்தப் பக்கம் கரிசல், இன்னும் உழாத கறுப்பு. முத்துநகரின் வாயை மூடவைத்த அந்த வாக்கியத்தை நான் எழுதியது போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடித்துவிட்டு, ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லாமல். எங்கள் ஆட்கள் எல்லோரும் தினமும் குறித்து அனுப்பின விவரத்தை நான் தொகுத்திருந்தேன். ஒன்பதாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் படகு, ஆறு தூக்குவாளிக்காரர். மழைக்கும் தொடர்பில்லை, சட்டைக்கும் தொடர்பில்லை, விலாங்குக்கும் தென்னைக்கும் ஒன்றுக்குமில்லை. ரேண்டம், சீட்டுக் குலுக்கல், ஒரு ஆள் சும்மா காத்திருந்தால் சராசரியாக நாலேகால் வருஷம் ஆகும் என்று அழகாக அட்டவணை போட்டு அனுப்பினேன். பாதிப் பேர் கைதட்டினார்கள். முத்துநகர் மட்டும் எழுதியது: "ஆறு பேர வச்சு எப்பிடி சார் சொல்லுதிய. ஏதோ ஒண்ணு இருக்கு, நமக்குத் தெரியல. நான் அந்த ஆறு பேரயும் தனித்தனியா கேட்டுட்டேன். ஆறு பேருமே அன்னைக்கு வேற ஜோலியா இருந்திருக்காவ, அவர நெனைக்கவே இல்ல. எதிர்பாக்காதவங்களுக்குத்தான் வாறார்." இதில் கோபப்பட என்ன இருக்கிறது. ஆறு பேர் போதாது என்பது நியாயம், அதை நானே அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தேன். ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் காது சூடாகிவிட்டது. "உங்களுக்கு ஒரு காரணம் வேணும்னு ஆசை. அது உங்க பிரச்சினை, விளையாட்டோட பிரச்சினை இல்ல. நிகழ்தகவு தெரியாதவங்க இதுல பேசாம இருக்கறது நல்லது." அனுப்பிவிட்டேன். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. எழுதுகிறார் என்று கொஞ்ச நேரம் காட்டியது. பிறகு அதுவும் நின்றது. அதற்கப்புறம் நாற்பது நாள்.

"மேடம், அடிஷனல்." இரண்டாவது வரிசை. பதினைந்தே நிமிடத்தில் முதல் தாளை முடித்துவிட்டாளா, எழுத்து ஒவ்வொன்றும் கொய்யாப்பழம் அளவு. தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுத் திரும்புகிறேன். எதிர்பார்க்காதவங்களுக்குத்தான். இதே வரியை எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். நினைச்சுக்கிட்டே இருந்தா தங்காது செண்பா, மறந்துட்டு இரு, தானா வரும். அத்தை சொன்னார், எதிர் வீட்டு ராஜம் சொன்னாள், ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த யாரோ ஒரு அம்மாள், பெயர்கூடத் தெரியாது, விருதுநகரில் ஏறி எட்டையபுரம் விலக்கில் இறங்குவதற்குள் சொல்லிவிட்டுப் போனாள். மறப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மறக்க முயற்சி பண்ணுகிற ஒவ்வொரு தடவையும் நினைவில்தானே வந்து நிற்கும். அதற்கு முன்னால் வேறு காரணங்கள் இருந்தன. மாடிப்படி ஏறி இறங்குவதால். எம்.ஃபில். படித்தபோது கண் முழித்ததால். அடுப்பு இருக்கிற மூலையால், அதற்காக ஒரு முழுச் சுவரை இடித்து அடுப்பை மாற்றினோம், மாற்றினதில் ஒரே பலன் இப்போது சமைக்கும்போது நல்ல காற்று வருகிறது. ஏழு வருஷம். ஒவ்வொரு மாதமும் நான் என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவேன், பரீட்சை எழுதிவிட்டு வந்து வினாத்தாளைத் திருப்பிப் பார்க்கிற பிள்ளை மாதிரி. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர், என்னைவிடச் சின்னவள், இரண்டு பேருடைய மருத்துவக் கோப்புகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் எல்லாமே நார்மல்தாம்மா. காரணம்னு எதுவும் இல்ல. சில பேருக்கு இப்படி அமைஞ்சிருது. நீங்க எதையும் தப்பாச் செய்யல." அந்த அறையில் சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடியது ஞாபகம் இருக்கிறது. வெளியே வந்து மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். சாத்தூரில் வண்டி நின்றதும் இவர் வெள்ளரிக்காய் வாங்கினார், மிளகாய்ப்பொடி தூவினது, ஒன்றை எனக்கு நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எங்க அறிக்கையில தீப்பிடிச்ச காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதக் காலியா விட முடியாது. ஒண்ணும் தெரியலன்னா மின்கசிவா இருக்கலாம்னு போடுவோம். நம்ம கட்டத்துல என்ன போட?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே "மின்கசிவுன்னு போட்டுருங்க" என்றேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் எனக்கு, முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம், வெள்ளரிக்காய்ச் சாறு சேலையில் வழிந்தது. பிறகு நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன். ஏழு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. ஊர் வந்து எழுப்பினபோது வெயில் இறங்கியிருந்தது, எனக்கு உடம்பே இலேசாக இருந்தது, ஒரு பெரிய அண்டாவை இறக்கி வைத்தது போல.

அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது என்னைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன், ஒப்புக்காகச் சொல்லவில்லை. காலையில் இவர் மாவு கரைத்துத் தோசை ஊற்றுவார், நான் சட்னி அரைப்பேன், ரேடியோ தானாக ஏதோ பேசிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பி எங்காவது ஒரு கண்மாய்க் கரையில் போய்க் கடலைமிட்டாய் தின்றுவிட்டு வருவோம். தத்து எடுப்பது பற்றி இரண்டு முறை பேசினோம், இரண்டு முறையும் பேச்சு நல்லபடியாக முடிந்தது, மனு மட்டும் எழுதப்படவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை. காரணம் இல்லை என்ற வார்த்தையின் மேல்தான் இந்த வீட்டைக் கட்டியிருக்கிறேன் என்று தோன்றும். அதனால்தானோ என்னவோ முத்துநகர் வந்து "ஏதோ ஒண்ணு இருக்கு" என்றதும் அஸ்திவாரத்தில் யாரோ கடப்பாரை போட்டது போல் ஆகிவிட்டது. அது பாவம், ஒரு படகு விளையாட்டைப் பற்றித்தான் சொன்னது. தூத்துக்குடியில் ஒரு பையன் என்று கற்பனை பண்ணி வைத்திருந்தேன், இருபத்தைந்து வயது, துறைமுகத்தில் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆடுகிறவன், வெயிலில் கறுத்த கழுத்து. தினமும் காலையில் முதலில் அவன் செய்திதான் வரும், இன்னைக்குப் படகுல மீசைக்காரர், இன்னைக்குப் படகுல கிளி வச்ச பாட்டி என்று. அவன் வாயடைத்துப்போன பிறகு குழுவில் காலை நேரம் வெறிச்சென்று இருந்தது. பேசாம இருக்கறது நல்லது என்று ஒரு ஆசிரியை எழுதலாமா, அதுவும் படிக்காமல் போயிருக்கக்கூடிய ஒரு பையனிடம். பத்தாவது நாள் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினேன், அழித்தேன். இருபதாவது நாள் மறுபடியும். அவன் பெயரைத் தொட்டால் கடைசியாக எப்போது வந்தான் என்று காட்டும், அதைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தேன், பல நாள் ஆளையே காணோம். என்னால் ஒருவன் விளையாட்டையே விட்டுவிட்டான். இவரிடம் சொன்னதற்கு, "ஒனக்கு எப்பிடித் தெரியும் ஒன்னாலதான்னு?" என்றார் தோசையைத் திருப்பிக்கொண்டே. வேறு எதனால் இருக்கும், அந்தச் செய்திக்கு அடுத்துத்தானே நின்றுபோனது என்று சொன்னேன். அவர் அடுத்த தோசையை ஊற்றினார்.

பதினொன்றரைக்குக் கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம். பறக்கும் படை. யாரும் சொல்லாமலே அறை முழுவதும் தெரிந்துவிட்டது, முதுகுகள் நிமிர்ந்தன, ஒரு பிள்ளை சம்பந்தமே இல்லாமல் தன் பென்சில் டப்பாவைத் திறந்து மூடினாள். படை எந்த அறைக்கு வரும் என்று இந்தப் பிள்ளைகளுக்குள் பெரிய ஆராய்ச்சியே உண்டு, கழிப்பறையில் காதில் விழும். வியாழக்கிழமை ஒற்றைப்படை எண் அறைக்கு வருவார்கள். முதல் மாணவி உட்கார்ந்திருக்கிற அறைக்கு வர மாட்டார்கள். இல்லடி, அது சும்மா, எங்க தோணுதோ அங்க நுழைவாங்க. நான் மட்டும் பதறவில்லை. எனக்குத் தெரியும், ஆறு வருஷமாகப் படையோடு இங்கே வருகிற பேராசிரியர் இரண்டாவது மாடிக்கு ஏறியதே இல்லை. முதல் மாடி வரைக்கும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுவார், அங்கே நின்று அண்ணாந்து பார்த்து, "மேல எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு முதல்வர் அறைக்குக் காபி குடிக்கத் திரும்பிவிடுவார். அவருக்கு வலது முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது. இதுதான் நிபந்தனை, இதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்குத் தெரியவும் வழியில்லை. நடந்துகொண்டிருந்தவள் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். அப்படியானால். அவர்கள் எத்தனை வருஷம் எத்தனை அறைகளைக் குறித்துவைத்தாலும் கிழமையோ எண்ணோ மாணவியோ எதுவும் ஒத்துவராது, கடைசியில் யாராவது ஒரு கெட்டிக்காரி அட்டவணை போட்டு இது ரேண்டம் என்று அறிவித்துவிடுவாள், கைதட்டல்கூட வாங்குவாள். முழங்காலை யாரும் அட்டவணையில் சேர்க்கவில்லையே. ஆறே ஆறு தூக்குவாளிக்காரர்களை வைத்துக்கொண்டு நான் மழையைப் பார்த்தேன், சட்டையைப் பார்த்தேன், இதுபோல் எங்கேயோ ஒரு முழங்கால் இருந்தால்? அவன் சொன்னதுதான் சரி என்றால்? மதுரை டாக்டரின் மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த இரண்டு கோப்பு கண்முன் வந்தது. அவளும் அவளுக்குத் தெரிந்த சோதனைகளைத்தானே செய்தாள். பத்து நிமிடம் பின்தங்கின கடிகாரத்தையே திருத்தாதவள். அவள் பார்க்காத ஏதோ ஒன்று இருந்திருந்தால், அது என்னிடம் இருந்திருந்தால், இந்த ஒன்பது வருஷத் தூக்கமும் பொய்யா. விசிறி கிரீச்சிட்டது. நாலு சுற்று, ஒரு கிரீச். நாலு சுற்று, ஒரு கிரீச். கரும்பலகை விளிம்பில் விரலை வைத்துச் சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

"மேடம், தண்ணி." மூன்றாம் வரிசைப் பிள்ளையிடம் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், குடித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. படை மேலே வந்துவிடுமோ என்று பயந்திருப்பாள், காப்பி அடிக்கிற முகம் இல்லை, சும்மா பயம். அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது, முழங்கால் அவருடையது. இந்தப் பிள்ளை சிவப்பில் வந்தாலும் பச்சையில் வந்தாலும், படித்துவிட்டு வந்தாலும் படிக்காமல் வந்தாலும், வியாழனோ வெள்ளியோ, அவள் செய்ததிலும் செய்யாததிலும் எதுவும் இல்லை. காரணம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக இவள் ராத்திரி படுத்துக்கொண்டு தன்னைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை. இத்தனை வருஷம் இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருந்தேன். காரணம் என்று ஒன்று வந்தால் கூடவே என் மேல் குற்றமும் வரும் என்று பயந்து, காரணமே கிடையாது என்று சாதித்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு படகு விளையாட்டில்கூட. டாக்டர் இரண்டு வார்த்தை சொன்னாள். காரணம் இல்லை என்றாள், நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை என்றாள். என்னைத் தூங்க வைத்தது இரண்டாவதுதான் போல. முதலாவது தப்பாக இருந்தாலும் இரண்டாவது அப்படியே நிற்கும். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, இவரிடம்தான், தோசைக்கல் பக்கத்தில். உடனே இன்னொரு மனசு, பத்தொன்பதாம் எண்ணைப் பார்த்தாயா என்றது. அவள் எழுத ஆரம்பித்திருந்தாள். எப்போது ஆரம்பித்தாள் என்று கவனிக்கவில்லை. குனிந்து விறுவிறு என்று, வளையல் மேசையில் உரச. கீழே கார் கிளம்பிப் போனது. யாரும் மேலே வரவில்லை.

மிச்ச நேரம் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை, நன்றாகத்தான் போயிற்று. சாம்பார் தாளிக்கிற வாசனை விடுதிப் பக்கமிருந்து வந்தது, பசித்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் நூலை வெட்டி வெட்டிக் கொடுத்தேன். பத்தொன்பதாம் எண் மூன்று அடிஷனல் வாங்கி, நூலை இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். தாள்களை எண் வரிசையில் அடுக்கி, இரண்டு தடவை எண்ணி, வராதவர் யாருமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கீழே கொண்டுபோய் ஒப்படைத்தேன். உறை கைக்கு வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அவனுக்குத் தூக்குவாளிக்காரர் வந்தது நல்லதுதான் என்று. வாழ்த்துச் சொல்ல வேண்டும், முதலில் மன்னிப்பு, பிறகு வாழ்த்து. சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கம் கொஞ்சம் நிழல் இருந்தது. போய் நின்று திறந்தேன். முழுச் செய்தி இதுதான்: "வந்துட்டார். எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்துட்டார். நாப்பது நாளு. இப்பதான் போனக் கையில எடுக்கேன். படகுல யார் யாரு வந்தாவ, எல்லாரும் சொல்லுங்க." அதற்குக் கீழே குழு முழுக்க விசாரிப்பு. நான் இரண்டு முறை படித்தேன். எங்க வீட்டுக்காரர். துறைமுகத்துப் பையனும் அவன் கறுத்த கழுத்தும் கரைந்துபோவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போன் எண் குழுவிலேயே இருந்தது. அழைத்துவிட்டேன்.

"யாரு?" பெண் குரல். பின்னால் குக்கர் மூச்சு விடுகிற சத்தம்.

"முத்துநகருங்களா? நான் சராசரி."

"சராசரி சார் பொம்பளையா?"

"ஆமா. செண்பகவல்லின்னு பேரு. காலேஜ்ல வேலை பாக்கறேன்."

"பாத்தியளா, நான் ரிட்டயரான ஆளு, வழுக்க, கண்ணாடின்னு நெனைச்சிட்டு இருந்தேன். நான் ஞானசீலி. தையல்கட வச்சிருக்கேன்."

என்ன ஆயிற்று என்று கேட்டேன். வண்டியில் போகும்போது மாடு குறுக்கே வந்திருக்கிறது, இடுப்பெலும்பு, இரண்டு ஆபரேஷன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்த வழியாக ஏன் போனார், அந்த நேரத்தில் ஏன் போனார் என்று கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துவிட்டதாம். இப்போது கம்பைப் பிடித்து நாலு எட்டு நடக்கிறார் என்றாள். குரலில் களைப்பும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. நான் நாற்பது நாளாக எழுதி எழுதி அழித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன், அன்னைக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது, அதனாலதான் நீங்க பேசாம இருக்கீங்கன்னு நெனைச்சு என்று.

"எத சார்?" என்றாள். அப்புறம், "ஆங், அதா. வாசிச்சேன், அன்னைக்கு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. விடக் கூடாதுன்னு பதிலுகூட அடிச்சிட்டு இருந்தேன். பாதியில ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துட்டு. அதோட ஓடுனவதான்."

"என்ன அடிச்சீங்க?"

"இருங்க, அது அப்பிடியேதான் கெடக்கும். பாக்கேன்." ஏதோ தட்டுகிற ஓசை. பிறகு பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "ஆசப்படுறது தப்பா சார். நீங்க எதுக்குமே ஆசப்பட்டது இல்லையா." நிறுத்திவிட்டு, "அம்புட்டுதான் இருக்கு" என்றாள்.

மாணவிகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள், நாலாம் கேள்விக்கு யார் என்ன எழுதினார்கள் என்று பேசிக்கொண்டு. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பட்டிருக்கேன்" என்றேன். இதை இதுவரைக்கும் வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"வரல."

"சரி" என்றாள். அந்தச் சரிக்குள் புத்திமதி எதுவும் இல்லை. குக்கர் பெரிதாக விசில் அடித்தது. "சார், ஒரு நிமிசம், அவருக்குக் கஞ்சி எறக்கணும். வச்சிராதிய. லைன்லயே இருங்க."

இருந்தேன். போனை எங்கோ மேடையில் வைத்திருக்கிறாள் போல, பாத்திரம் நகர்கிறது, குழாய் திறந்து மூடுகிறது, கரண்டி விழுகிறது. தூரத்தில் ஒரு ஆண் குரல், இருமலோடு, "போன்ல யாரு?" என்று கேட்கிறது. "நம்ம சராசரி சாரு" என்கிறாள் அவள், "பொம்பளயாம்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வைக்காத தாயி, இடுப்பு வலிக்கி" என்கிறார், ஆனாலும் நிறுத்த முடியாமல் சிரிக்கிறார், அவளும் கூடச் சிரிக்கிறாள், கஞ்சியை ஆற்றுகிற சத்தம் கேட்கிறது. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நிழலில் நிற்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை, மெதுவாக வரட்டும்.